ஆய்வக மேசை: பாலும் பாக்டீரியாவும்

கேள்வி: பால் சர்க்கரையான லாக்டோஸைப் பாக்டீரியா கையாள உதவும் மரபணுத் தொகுதியான லாக் ஓபரானை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிட்டேன். ஆனால் ஒரு இடம் இடிக்கிறது. லாக்டோஸ் செல்லுக்குள்ளே வந்தால்தான் பெர்மியேஸ் என்ற புரதம் உருவாகும் என்கிறார்கள். பெர்மியேஸ் இருந்தால்தான் லாக்டோஸ் உள்ளே வர முடியும் என்றும் சொல்கிறார்கள். அப்படியானால் முதல் லாக்டோஸ் எப்படி உள்ளே போனது?
*– இளநிலை இரண்டாம் ஆண்டு மாணவி, விருதுநகர்*

பதில்: முப்பத்தொரு வருஷம் செய்முறை வகுப்பு எடுத்திருக்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்ட பெண்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். உன் மதிப்பெண்ணை விட இது பெரியது, பத்திரமாக வைத்துக்கொள்.

மற்ற வாசகர்களுக்காக முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த பாரிஸில், ழாக் மோனோ என்ற இளைஞர் நம் குடலில் வாழும் ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களுக்கு இரண்டு சர்க்கரைகளைக் கலந்து கொடுத்து, அவை எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று அளந்துகொண்டிருந்தார். குளுக்கோஸோடு வேறு சில சர்க்கரைகளைச் சேர்த்தபோது வரைபடக் கோடு ஏறியது, கொஞ்ச நேரம் படுத்துக்கிடந்தது, மறுபடி ஏறியது. முதல் ஏற்றம் முழுக்க குளுக்கோஸால் வந்தது. அது தீர்ந்த பிறகு ஓர் இடைவேளை. அதன் பிறகுதான் அடுத்த சர்க்கரையில் கை வைத்தன. பானையில் சோறு இருக்கும்போது யார் கேழ்வரகு திரிக்க உட்காருவார்கள்?

அந்த இடைவேளையில் உள்ளே என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்க ஏறத்தாழ இருபது வருஷம் ஆனது. மோனோவோடு சேர்ந்துகொண்டவர் பிரான்சுவா ஜாகோப். அறுவை சிகிச்சை நிபுணராக விரும்பியவர். 1944இல் நார்மண்டியில் குண்டடி பட்டதில் அந்தக் கனவு போய், உயிரியலுக்கு வந்து சேர்ந்தார். 1958இல் பாரிஸில் ஒரு சினிமா கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோதுதான் விஷயம் பொறி தட்டியது என்று பின்னாளில் சொன்னார். படம் அவ்வளவு சுவாரஸ்யம் இல்லை போலிருக்கிறது. 1961இல் இருவரும் வெளியிட்ட கட்டுரைதான் இன்று நீ பரீட்சைக்குப் படிக்கும் லாக் ஓபரான். 1965இல் ஆந்த்ரே ல்வாஃபோடு சேர்த்து நோபல் பரிசு.

லாக்டோஸைக் கையாளத் தேவையான மூன்று மரபணுக்கள் வரிசையாக நிற்கின்றன. முதலாவது லாக்டோஸை உடைக்கும் பீட்டா கேலக்டோசிடேஸுக்கு. இரண்டாவது அதை உள்ளே இழுத்துவரும் பெர்மியேஸுக்கு. மூன்றாவதைப் பற்றி இப்போது பேச வேண்டாம், அது இல்லாமலும் பாக்டீரியா பால் சர்க்கரையைத் தின்னும். இவற்றின் முன்வாசலில் ரெப்ரசர் என்ற புரதம் உட்கார்ந்து வழியை மறிக்கிறது. லாக்டோஸிலிருந்து உருவாகும் அல்லோலாக்டோஸ் அதைப் பிடித்துக்கொண்டால், ரெப்ரசர் டிஎன்ஏவை விட்டு எழுந்துபோகும்.

இப்போது உன் சந்தேகம். பாடப்புத்தகப் படத்தில் ரெப்ரசர் டிஎன்ஏ மேல் பசை போட்டு ஒட்டியதுபோல இருக்கும். தவறு அங்கேதான். ஒரு ஈ.கோலை செல்லுக்குள் இந்த ரெப்ரசர் சுமார் பத்துதான் இருக்கும். அது உட்காரும், எழும், மறுபடி உட்காரும். எழுந்த அந்தக் கணத்தில் அந்த மரபணுக்களின் ஒன்றிரண்டு நகல்கள் நழுவிப் போய்விடும். எவ்வளவு இறுக்கித் திருகினாலும் சொட்டிக்கொண்டே இருக்கும் குழாய் உங்கள் விடுதியில் ஒன்றாவது இருக்குமே, அதுபோல. அதனால் லாக்டோஸின் வாசனையே படாத செல்லிலும் ஒரு சில பெர்மியேஸ், ஒரு சில பீட்டா கேலக்டோசிடேஸ் எப்போதும் இருக்கும். முதல் லாக்டோஸ் அந்தச் சொட்டின் வழியாகத்தான் நுழைகிறது.

இன்னொன்றையும் கவனி. லாக்டோஸை அல்லோலாக்டோஸாக மாற்றுவது யார்? அதே பீட்டா கேலக்டோசிடேஸ்தான். ஆக, கசிவு இல்லாவிட்டால் கதவைத் திறக்கும் சாவிகூடத் தயாராகாது. ஒரு சொட்டும் கசியாத கச்சிதமான ரெப்ரசர் அமைந்த பாக்டீரியா பால் குடத்துக்குள்ளேயே பட்டினி கிடக்கும். கசிவில் தொடங்கி முழுதாகத் திறந்தபின் என்சைமின் அளவு ஆயிரம் மடங்கு வரை ஏறும்.

குளுக்கோஸும் கூட இருந்தால்? ரெப்ரசர் எழுந்துபோனாலும் உற்பத்தி மந்தமாகத்தான் நடக்கும். அதை முடுக்கிவிடும் இன்னொரு புரதத்துக்குச் சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு வேண்டும், குளுக்கோஸ் ஓடிவந்துகொண்டிருக்கும்போது அதன் அளவு குறைந்துவிடுகிறது. போதாததற்கு, குளுக்கோஸை இழுக்கும் ஏற்பாடே பெர்மியேஸின் கையையும் கட்டிவைக்கிறது.

ஒரு வருஷம் இதைச் செய்முறைத் தேர்வில் வைத்தேன். ஓஎன்பிஜி என்ற வேதிப்பொருளை பீட்டா கேலக்டோசிடேஸ் உடைத்தால் மஞ்சள் நிறம் வரும். எல்லோருடைய குழாயும் எலுமிச்சம்பழ நிறம், ஒரு பெண்ணுடையது மட்டும் வெறும் வெளுப்பு. அவள் அழவே ஆரம்பித்துவிட்டாள். விசாரித்தால், லாக்டோஸோடு பக்கத்து பாட்டிலில் இருந்த குளுக்கோஸையும் அவசரத்தில் ஊற்றியிருக்கிறாள். மோனோவுக்கு நோபல் வாங்கிக்கொடுத்த சோதனையைத் தெரியாமலே செய்திருக்கிறாள்! வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அதற்கு மதிப்பெண் தர மறுத்துவிட்டார். எனக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

கேள்வி: பாலைப் பார்த்தால் பாக்டீரியா அதற்கான என்சைமைத் தயாரிக்கும் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். எனக்கு 61 வயது. பால் குடித்தால் வயிறு உப்புகிறது, பத்து வருஷமாக விட்டுவிட்டேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துப் பழகினால் எனக்கும் அந்த என்சைம் திரும்ப வருமா?
*– ஓய்வுபெற்ற தபால்காரர், மன்னார்குடி*

பதில்: வராது ஐயா. பாக்டீரியாவின் புத்தி நம் குடலுக்கு இல்லை. நம் சிறுகுடலில் பால் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் என்சைம் சுரப்பது பாலைப் பொறுத்து நடப்பதல்ல, வயதைப் பொறுத்து நடப்பது. தாய்ப்பால் காலம் முடிந்த பிறகு பெரும்பாலான மனிதர்களுக்கு அந்த மரபணுவின் வேலை படிப்படியாகக் குறைந்துவிடும், நீங்கள் தினம் இரண்டு லிட்டர் குடித்தாலும் சரி. சிலருக்கு மட்டும் அந்த மரபணுவிலிருந்து சுமார் 14 ஆயிரம் எழுத்துகள் தள்ளி ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும். அந்த மாற்றம் லாக்டேஸைக் கடைசிவரை அணையாமல் வைக்கும். வட ஐரோப்பாவில் அது மிகுதி. இந்தியாவில் வடக்கே கூடுதல், தெற்கே வர வரக் குறைவு. ஆகவே உங்களுக்கு வந்திருப்பது வியாதி அல்ல, உலகத்தில் பெரும்பான்மையோரின் வழக்கம்.

உடைபடாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே காத்திருக்கும் பாக்டீரியாக்களுக்கு அது கல்யாணச் சாப்பாடு. சாப்பிட்டுவிட்டு ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் விடுகின்றன, அதுதான் உப்புசம். அந்த ஹைட்ரஜனில் ஒரு பகுதி ரத்தத்தில் கலந்து மூச்சில் வெளியே வரும். அதை அளந்துதான் மருத்துவமனைகளில் இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கிறார்கள்.

ஆனால் தினம் கொஞ்சம் குடித்தவர்களில் சிலருக்குத் தொந்தரவு குறைவது உண்மை. காரணம் அவர்களுடைய என்சைம் அல்ல. பெருங்குடலில் யார் அதிகம் குடியிருக்கிறார்கள் என்பது மாறிவிடுகிறது, வாயு குறைவாக விடுகிறவர்கள் பெருகுகிறார்கள். தயிர் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா? ஒத்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன். தயிர் பாக்டீரியா பால் சர்க்கரையைக் கொஞ்சம் முன்பே தின்றிருக்கும், மீதியை உடைக்கத் தன் என்சைமையும் உங்கள் குடலுக்குள் கொண்டுவரும். ஒன்று மட்டும்: எடை குறைவதோ மலத்தில் ரத்தமோ இருந்தால், என்னைப் போன்றவளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: பாலும் புளிக்கிறது, இட்லி மாவும் புளிக்கிறது. மாவு மட்டும் ஏன் பொங்குகிறது? டொராண்டோவில் இருக்கும் என் மகளின் மாவு புளிக்கிறது, ஆனால் பொங்குவதில்லை. ஈஸ்ட் போடச் சொல்லலாமா?
*– குடும்பத் தலைவி, பொள்ளாச்சி*

பதில்: ஈஸ்ட் வேண்டாம், அப்புறம் பன் வாசனை அடிக்கும். தயிர் பாக்டீரியாக்கள் ஒரு குளுக்கோஸை இரண்டு லாக்டிக் அமிலமாக வெட்டுகின்றன. அதோடு கணக்கு முடிந்தது, வாயு இல்லை. மாவில் முதலில் வேலை செய்யும் லூக்கோநாஸ்டாக் என்ற பாக்டீரியா வேறு வழியில் போகிறது. அதே குளுக்கோஸிலிருந்து ஒரு லாக்டிக் அமிலம், ஒரு கரியமில வாயு, கொஞ்சம் ஆல்கஹால் அல்லது அசிட்டிக் அமிலம். தயிர்க்காரருக்கு ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்) கிடைக்கும்போது, இவருக்குப் பெரும்பாலும் 1 தான். பாவம், நஷ்ட வியாபாரம். நம் இட்லி அந்த நஷ்டத்தில்தான் மெத்தென்று இருக்கிறது.

பொங்கவைப்பது இந்தப் பாக்டீரியாதான் என்று நியூயார்க் மாநிலத்து ஜெனீவா நகரில் இருந்த ஆய்வாளர்கள் 1965லேயே காட்டிவிட்டார்கள். அது உளுந்தோடும் அரிசியோடும் வருவது. கைராசி என்று என் மாமியார் சொல்லிக்கொள்வார், நானும் மறுத்துப் பேசியதில்லை. மகளின் மாவு புளிக்கிறது என்றால் பாக்டீரியா வேலை செய்கிறது, உண்டான வாயு நிற்கவில்லை என்று அர்த்தம். உளுந்தின் பசைதான் வாயுவைப் பிடித்துவைக்கும். பழைய உளுந்தா, மிக்ஸியில் தண்ணீர் அதிகம் ஊற்றி அரைக்கிறாரா என்று கேளுங்கள். அதிகச் சூட்டில் வைத்தாலும் வாயு விடாத அமிலக்காரர்கள் முந்திக்கொள்வார்கள். அடுப்பைச் சூடாக்காமல், ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வைத்தால் போதும்.

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன் கேட்கிறான்: நமக்குக் கிருமியால் காய்ச்சல் வருகிறது, கிருமிக்குக் காய்ச்சல் வருமா?
*– அச்சகத் தொழிலாளி, சிவகாசி*

பதில்: தம்பி, காய்ச்சல் வராது. சுற்றியிருக்கும் சூடுதான் அதன் சூடு. ஆனால் நோய் வரும், நம்முடையதை விடப் பயங்கரமாக வரும். ஃபேஜ் என்ற வைரஸ் அதன் மேல் உட்கார்ந்து தன் டிஎன்ஏவை உள்ளே செலுத்தும். ஈ.கோலையாக இருந்தால், சில வகை ஃபேஜ்கள் அரை மணி நேரத்துக்குள் நூற்றுக்கும் மேல் குட்டி போட்டு, அதை வெடிக்கவைத்து வெளியே வந்துவிடும்.

பாலாடைக்கட்டி, தயிர் செய்யும் பெரிய ஆலைகளுக்கு இது தீராத தலைவலி. ஃபேஜ் புகுந்துவிட்டால் தொட்டி தொட்டியாகப் பால் உறையாமல் வீணாகும். ஆனால் எப்போதும் சில பாக்டீரியாக்கள் பிழைத்துக்கொள்ளும். எப்படிப் பிழைத்தன என்பதை 2007இல் தயிர் பாக்டீரியாவான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸை வைத்துக் கண்டுபிடித்தார்கள். தாக்க வந்த ஃபேஜின் டிஎன்ஏவிலிருந்து ஒரு துண்டை வெட்டித் தன் டிஎன்ஏவுக்குள்ளேயே அது செருகிக்கொள்கிறது. போலீஸ் நிலையத்தில் கேடிகளின் போட்டோ ஒட்டியிருப்பார்கள் பார், அதுதான். புதுத் துண்டு எப்போதும் வரிசையின் ஒரே முனையில் சேரும். அதனால் அந்த வரிசையைப் படித்தால் அந்தக் குடும்பத்தை யார் யார் எந்த வரிசையில் தாக்கினார்கள் என்று தெரியும். அதே ஃபேஜ் மறுபடி வந்தால், அந்தத் துண்டின் நகலை எடுத்துக்கொண்டு ஒரு புரதம் ரோந்து சுற்றும், பொருந்தும் டிஎன்ஏவைப் பார்த்ததும் வெட்டும். ஃபேஜும் சும்மா இருக்காது. ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு போட்டோவுக்குப் பொருந்தாமல் வந்துவிடும்.

இதில் பாக்டீரியாவுக்கு நம்மை விட ஒரு வசதி உண்டு. உனக்குப் போட்ட தடுப்பூசி உன் பிள்ளைக்கு உதவாது, அவனுக்குத் தனியாகப் போட வேண்டும். பாக்டீரியாவின் போட்டோ வரிசை அதன் டிஎன்ஏவிலேயே இருப்பதால், பிள்ளை பேரன் எல்லோருக்கும் சொத்தாகப் போய்விடும்.

இதற்குக் கிரிஸ்பர் என்று பெயர். 1987இல் ஒசாகாவில் ஈ.கோலையில் இந்த வரிசையை முதலில் பார்த்தவர்களுக்கு அது எதற்கு என்று விளங்கவில்லை. ஸ்பெயினில் ஃபிரான்சிஸ்கோ மொஹீகா என்ற ஆராய்ச்சி மாணவர், சாண்டா போலா உப்பளத்து நுண்ணுயிரில் அதே மாதிரி வரிசையைப் பார்த்து 1993இல் எழுதினார். அதன் பின்னும் விடவில்லை. நடுவில் இருக்கும் துண்டுகள் ஃபேஜ்களோடு பொருந்துகின்றன, இது பாக்டீரியாவின் எதிர்ப்புச் சக்தி என்று அவர் எழுதிய கட்டுரையைப் பெரிய இதழ்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் 2005இல்தான் வெளியானது. 2020இல் கிரிஸ்பரை மரபணுக் கத்தரிக்கோலாக மாற்றியதற்காக எமானுவேல் ஷார்பான்டியே, ஜெனிஃபர் டவுட்னா இருவருக்கும் வேதியியல் நோபல் கொடுத்தார்கள். தகுதியானவர்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் அன்று எனக்கு உப்பளத்துக்காரர் நினைவாகவே இருந்தது.

கேள்வி: எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும் பொடி என்று மாதம் 900 ரூபாய்க்கு வாங்குகிறேன். பலன் உண்டா?
*– தையல்காரர், ஈரோடு*

பதில்: விற்பவருக்கு உண்டு. எதிர்ப்புச் சக்தி என்பது நிரப்பிக்கொண்டே போகும் தண்ணீர்த் தொட்டி அல்ல. அது மிதமிஞ்சி, ஆள் தெரியாமல் பாய்ந்தால் அதற்கு ஒவ்வாமை என்றும் முடக்குவாதம் என்றும் பெயர். போட வேண்டிய தடுப்பூசிகளைப் போட்டுக்கொண்டு, 900 ரூபாய்க்குப் பருப்பும் முட்டையும் பழமும் வாங்குங்கள்.

கேள்வி: தயிர் ஓரளவு புளித்த பிறகு மேலும் புளிப்பது ஏன் குறைந்துவிடுகிறது? பாக்டீரியாவுக்குச் சாப்பாடு தீர்ந்துவிடுகிறதா?
*– கல்லூரி விடுதிச் சமையல்காரர், திண்டுக்கல்*

பதில்: தீராது. தயிரில் பால் சர்க்கரை நிறையவே மிச்சம் இருக்கும். புளிப்பை அளக்கும் பிஎச் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6 வாக்கில் பாலின் கேசீன் புரதம் திரண்டு தயிராகிறது, அதற்குக் கீழே இறங்க இறங்க பாக்டீரியா தான் விட்ட அமிலத்தாலேயே முடங்கிப்போகிறது. எதிரே இலை நிறையச் சாப்பாடு இருந்தும் கை ஓடுவதில்லை. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இந்த நிலை வரச் சில நாள் தள்ளிப்போகும். ஏற்கெனவே வந்துவிட்டது என்றால், நாலு வெண்டைக்காயை வதக்கிப் போட்டு மோர்க்குழம்பு வைத்துவிடுங்கள்.