எரிபொருள் பயிர் ஆராய்ச்சிக்குப் போக ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: ஆத்தூர் பக்கம் மரவள்ளி போடுகிறோம். மகள் பி.எஸ்சி. வேளாண்மை முடித்துவிட்டாள். எத்தனால் எடுக்கும் பயிர்களின் வளர்ச்சியைக் கம்ப்யூட்டரில் கணிக்கும் ஆராய்ச்சிக்கு அமெரிக்கா போக வேண்டும் என்கிறாள். சேலத்தில் ஒரு கன்சல்டன்சியில் "முதலில் எம்.எஸ்., அப்புறம் பிஎச்.டி." என்று சொல்லி இரண்டு லட்சம் கேட்கிறார்கள். இப்படி ஒரு வேலை உண்டா? பணம் கட்டலாமா?

பதில்: வேலை உண்டு. பணம் கட்டாதீர்கள்.

உங்கள் கிழங்குக்குச் சேகோ ஆலையில் மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்துத்தானே விலை போடுகிறார்கள்? இந்த ரகத்தை இந்த மண்ணில் நட்டால், இவ்வளவு மழைக்குப் பத்தாம் மாதம் எவ்வளவு மாவுச்சத்து ஏறும், மண்ணில் எவ்வளவு சத்து குறையும் என்று நடும் முன்பே கணக்குப் போடுவதுதான் இந்தத் துறை. அந்தக் கணக்கு இல்லாமல்தான் 2003-க்குப் பிறகு பயோடீசலுக்காகக் காட்டாமணக்கை நடச் சொன்னார்கள். மானாவாரித் தரிசில் சொன்ன விளைச்சல் வரவில்லை. கன்று விற்றவர்கள் காசு பார்த்தார்கள், நட்டவர்கள் பிடுங்கிப் போட்டார்கள்.

இப்போது ஏஜென்ட் விஷயம். கட்டணம் கட்டிப் படிக்கும் மாணவரைச் சேர்த்துவிட்டால் பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கமிஷன் தருகின்றன. அமெரிக்காவில் அறிவியல் பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் துறையோ பேராசிரியரின் திட்டப் பணமோ கட்டணத்தை ஏற்கும், மாத உதவித்தொகையும் உண்டு. அதில் கமிஷனுக்கு வழியில்லை. "முதலில் எம்.எஸ்." என்பதன் காரணம் இதுதான். உங்கள் மகள் படித்தது நான்கு வருடப் படிப்பு, பல இடங்களில் நேராகப் பிஎச்.டி.க்கே விண்ணப்பிக்கலாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு. ஆய்வேடு எழுதும் எம்.எஸ்.ஸுக்குச் சில வேளாண் துறைகளில் பேராசிரியரே சம்பளம் கொடுத்து எடுத்துக்கொள்வார். நல்ல வழிதான். ஆனால் அதைப் பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்து அவர் எழுதி அனுப்ப வேண்டும். எத்தனை மாதம், கட்டணம் தள்ளுபடியா, மருத்துவக் காப்பீடு யார் பொறுப்பு, எல்லாம் அதில் இருக்க வேண்டும். "போய்ச் சேர்ந்ததும் கிடைத்துவிடும்" என்று ஏஜென்ட் சொல்வது இதில் சேராது. "கிடைக்கலாம்" என்று கடிதத்தில் இருந்தாலும் சேராது.

மகள் செய்ய வேண்டியது வேறு. டி.எஸ்.எஸ்.ஏ.டி. என்ற பயிர்க் கணிப்பு மென்பொருள் இலவசம், அதில் மரவள்ளியும் இருக்கிறது. உங்கள் வயலின் மண் பரிசோதனை, மழை, நட்ட தேதி, எடுத்த எடை எல்லாவற்றையும் அதில் போட்டுப் பார்க்கட்டும். கணிப்பு எங்கே தவறுகிறது என்று இரண்டு பக்கம் எழுதி, நேரே பேராசிரியர்களுக்கு அனுப்பட்டும். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் 2017-இல் தொடங்கிய உயிரி எரிபொருள் மையம் போன்ற இடங்களில் பேராசிரியர்களின் முகவரி இணையத்திலேயே இருக்கிறது.

இங்கேயே முதுகலை முடித்து நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். ஆனால் அது மாதாமாதம் வரும் என்று நம்பி வீட்டு வாடகை பேசாதீர்கள். ஆறு மாதம் பணம் வராமல் கடன் வாங்கிச் சாப்பிட்ட மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளை இப்படிக் காக்க வைப்பவர்களுக்கு, அவர்கள் வெளிநாடு போகிறார்கள் என்று குறை சொல்ல என்ன உரிமை இருக்கிறது?

ஒரிஜினல் சான்றிதழ்களை அந்தக் கன்சல்டன்சியில் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய் வாங்கி வந்துவிடுங்கள்.