பிள்ளை கையில் போன், சிம் யார் பெயரில்? கேள்வி பதில்

மொபைல் சேவை மையத்தின் கவுன்டரில் பதினொரு வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். பள்ளி திறக்கிற நேரம் வந்தால் போதும், வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் "பிள்ளைக்கு ஒரு சிம் வேணும்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். வந்த கேள்விகளை முடிந்தவரை அப்படியே எடுத்துக்கொண்டேன். பதில்கள் எல்லாம் இந்திய விதிகளின்படி.

ஏழாம் வகுப்புப் பெண்ணின் அம்மா: மகளுக்கு ஆதார் இருக்கிறது சார். அவள் பெயரிலேயே சிம் வாங்கிவிடலாம் இல்லையா?

முடியாதுங்க. பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். சிம் வாங்குவது கம்பெனியோடு போடும் ஓர் ஒப்பந்தம். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி மைனருக்கு ஒப்பந்தம் போடும் தகுதி கிடையாது. மைனருக்கு சிம் கொடுக்கக் கூடாது என்று 2021 செப்டம்பரில் தொலைத்தொடர்புத் துறையும் கம்பெனிகளுக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆதார் எண்ணைப் போட்டு சரிபார்க்கும்போது பிறந்த தேதியும் கூடவே வரும். அங்கேயே கதை முடிந்துவிடும்.

உங்கள் பெயரில், உங்கள் ஆதாரில், உங்கள் முகத்தைப் போட்டோ எடுத்து வாங்க வேண்டியதுதான். இதில் பலர் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. வங்கியில் மைனர் கணக்குக்கு 'கார்டியன்' என்று பெற்றோர் பெயரைச் சேர்ப்பது போல சிம்முக்கும் இருக்கும் என்று நினைக்கிறார்கள். அப்படி ஓர் ஏற்பாடு சிம்மில் இல்லை. பதிவேட்டில் வாடிக்கையாளர் நீங்கள், நீங்கள் மட்டுமே. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் இந்த ஒரு விஷயத்திலிருந்தே கிளம்புகிறது, பாருங்கள்.

மூன்று பிள்ளைகளின் அப்பா: என் பெயரில் ஏற்கெனவே நாலு சிம் ஓடுகிறது. இன்னும் மூன்று வாங்கலாமா?

வாங்கலாம். ஒருவர் பெயரில் எல்லாக் கம்பெனியும் சேர்த்து 9 இணைப்பு வரை. ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் மட்டும் 6. 2023-இன் தொலைத்தொடர்புச் சட்டத்தில், வரம்பைத் தாண்டினால் முதல் தடவை 50,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த தடவைக்கு 2 லட்சம் வரை என்று போட்டிருக்கிறார்கள்.

ஆனால் அந்த "நாலு" என்ற கணக்கை நான் நம்ப மாட்டேன். நாலு என்று சொல்லி வந்தவருக்கு ஏழு இருந்ததைப் பார்த்திருக்கிறேன். பழைய டாங்கிள், என்றோ இலவசமாகக் கொடுத்த சிம், மைத்துனருக்கு வாங்கிக் கொடுத்தது எல்லாம் கணக்கில் நிற்கும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்திலோ ஆப்பிலோ போய் உங்கள் எண்ணைப் போட்டு, வரும் ஓடிபியைக் கொடுத்தால், உங்கள் பெயரில் ஓடும் எண்களின் பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'என் எண் இல்லை', 'தேவையில்லை' என்று புகார் கொடுக்க வழியும் அங்கேயே இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

ஐந்தாம் வகுப்புப் பையனின் அம்மா: பையனுக்காக சிம் வாங்கப் போனேன். கடைக்காரர் "ரேகை சரியா விழலை" என்று இரண்டு தடவை விரல் வைக்கச் சொன்னார். சாதாரணம்தானே?

சாதாரணமாகவும் இருக்கலாம். சோப்பு, சிமென்ட் புழங்கும் கைகளுக்கு ரேகை அழிந்திருக்கும், மூன்று தடவை வைத்தாலும் ஏறாது. ஆனால் இதே சாக்கை வைத்து ஒரே ஆளின் பெயரில் இரண்டாவது சிம் ஒன்றை ஆக்டிவேட் செய்து, மோசடிக்காரர்களுக்கு விற்கும் வேலையும் நடக்கிறது. போலீஸ் வழக்குகள் இருக்கின்றன. சந்தேகப்பட்டு சண்டை போட வேண்டாம். "திரையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க தம்பி" என்று கேட்டுப் பாருங்கள், என்ன பிழை என்று அதிலேயே எழுதியிருக்கும். ஒரு வாரம் கழித்து சஞ்சார் சாத்தியில் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். ஒன்று கூடியிருந்தால் 'என் எண் இல்லை'.

ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் அப்பா: குழந்தையின் ஆதாரில் மொபைல் எண் இணைக்கச் சொல்கிறது பள்ளி. அதற்கு அவளுக்கென்று தனி சிம் வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். உங்கள் எண்ணையே கொடுங்கள். ஒரே எண்ணை வீட்டில் எல்லாருடைய ஆதாருக்கும் இணைக்கலாம், தடையில்லை.

பிளஸ் டூ மாணவன்: எனக்குப் பதினெட்டு ஆக இன்னும் இரண்டே மாதம். ஏஜென்ட் அண்ணன் ஒருவர் "வேற ஆதார்ல போட்டுத் தர்றேன்" என்கிறார். இரண்டு மாதம்தானே?

தம்பி, அந்த 'வேற ஆதார்' யாருடையது என்று கேட்டாயா? முகம் தெரியாத ஒருவர் பெயரில் ஓடும் எண்ணைக் கல்லூரி விண்ணப்பத்தில், உதவித்தொகைப் படிவத்தில், மின்னஞ்சலில் எல்லாம் போட்டுவிடுவாய். நாளைக்கு அந்த ஆள் சஞ்சார் சாத்தியில் பார்த்து 'என் எண் இல்லை' என்று ஒரு தட்டு தட்டினால் எண் போய்விடும். ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் வாங்கினால் 2023 சட்டத்தில் மூன்று வருடம் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அம்மா பெயரில் வாங்கிக்கொள். பிறந்த நாளுக்கு அப்புறம் உன் பெயருக்கு மாற்றலாம், கீழே சொல்கிறேன்.

விடுதியில் படிக்கும் பதினாறு வயதுப் பையனின் அப்பா: சீனியர் பையன் ஒருவன் "உன் நம்பருக்கு ஒரு ஓடிபி வரும், சொல்லு" என்று கேட்டானாம், இவனும் சொல்லிவிட்டான். காசு எதுவும் போகவில்லை. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். இன்றைக்கே உட்கார்ந்து பாருங்கள்.

காசு போகவில்லை என்பதாலேயே இது சின்ன விஷயம் ஆகிவிடாது. அந்த ஓடிபியை வைத்து உங்கள் எண்ணில் வாட்ஸ்ஆப்போ டெலிகிராமோ திறந்திருக்கலாம், ஏதாவது விளையாட்டு ஆப்பில் கணக்குத் தொடங்கியிருக்கலாம். சிம் பையனிடம் இருக்கும், கணக்கு வேறு எவனிடமோ இருக்கும். அதிலிருந்து ஒருவரை ஏமாற்றினால் போலீஸ் முதலில் எண்ணைத்தான் பிடிக்கும். எண்ணைப் பிடித்தால் பெயர் வரும், அது உங்கள் பெயர். என் கவுன்டருக்கு ஒருவர் கையில் சம்மனோடு வந்தார். "சார், இந்த நம்பரை நான் தொட்டதே இல்லை, பொண்ணுகிட்ட கொடுத்ததோட சரி" என்றார். தொடவில்லை என்பது உண்மைதான். ஆனால் பதிவேட்டில் அவர் போட்டோதானே இருக்கிறது.

செய்ய வேண்டியது: பையனின் எண்ணில் வாட்ஸ்ஆப்பை அவன் போனிலேயே மறுபடி பதிவு செய்யுங்கள், மற்ற இடத்தில் திறந்திருப்பது வெளியேறிவிடும். 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியில் தெரியாத கருவி இருந்தால் நீக்குங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பு பின் எண் ஒன்றைப் போட்டு, அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். டெலிகிராமில் மறுபடி பதிவு செய்தால் மட்டும் மற்ற இடம் வெளியேறாது, 'டிவைசஸ்' பகுதியில் போய்த் தெரியாத கருவியை நீக்கி, அங்கேயும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். அப்புறம் விடுதி வார்டனிடம் பேசுங்கள், அந்த சீனியர் இவன் ஒருவனிடம் மட்டும் கேட்டிருக்க மாட்டான். மோசடி நடந்ததாகத் தெரிந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930. பையனைத் திட்டுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். திட்டினால் அடுத்த தடவை வந்து சொல்ல மாட்டான்.

இன்னொன்றும் இதோடு. பிள்ளை கையில் கொடுக்கும் எண்ணை உங்கள் வங்கிக் கணக்குக்குக் கொடுக்காதீர்கள். "அவன்கிட்ட கேட்டா ஓடிபி சொல்லிடுவான்" என்று வசதிக்காகச் செய்கிறார்கள். உங்களிடம் சொல்கிறவன் மற்றவர்களிடமும் சொல்வான்.

பேத்தியை வளர்க்கும் பாட்டி: மகனும் மருமகளும் வெளிநாட்டில். பேத்திக்கு சிம் என் பெயரில் வாங்கலாமா? பெற்றோர் கையெழுத்து வேண்டுமா?

உங்கள் பெயரில் தாராளமாக வாங்கலாம் அம்மா. வாங்குவது நீங்கள்தான் என்பதால் யார் கையெழுத்தும் தேவையில்லை. எண்ணையும் எந்தக் கம்பெனி என்பதையும் மகனுக்குத் தெரியப்படுத்தி வையுங்கள்.

பதினைந்து வயது மகனின் அம்மா: கணவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. அவர் பெயரில் இருந்த சிம்மைத்தான் மகன் வைத்திருக்கிறான். அப்பா நம்பர் என்று மாற்றவே விட மாட்டேன் என்கிறான். ரீசார்ஜ் செய்துகொண்டே இருந்தால் போதுமா?

எண்ணை மாற்ற வேண்டியதில்லை அம்மா, அதை முதலில் மகனிடம் சொல்லுங்கள். அப்பாவின் எண் அப்படியே இருக்கும், பதிவேட்டில் பெயர் மட்டும் மாறும். மகன் மைனர் என்பதால் இப்போது உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும்.

ரீசார்ஜ் செய்துகொண்டே இருந்தால் எண் ஓடும். ஆனால் போன் தொலைந்தாலோ சிம் பழுதானாலோ டூப்ளிகேட் சிம் கேட்டுப் போனால், பதிவில் இருக்கும் ஆள் நேரில் வர வேண்டும் என்பார்கள். அந்த நிலைமையில் கவுன்டருக்கு வந்து அழுதவர்கள் உண்டு. உள்ளே உட்கார்ந்திருக்கிறவனாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் சிம் நல்லபடி இருக்கும்போதே போய்விடுங்கள். கணவரின் இறப்புச் சான்றிதழ், நீங்கள் மனைவி என்பதைக் காட்டும் ஆவணம், உங்கள் ஆதார், அந்த சிம் உள்ள போன். வாரிசுச் சான்றிதழ் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். சின்னக் கடையில் இந்த வேலை நடக்காது, கம்பெனியின் சொந்த ஷோரூமுக்குப் போக வேண்டும். போஸ்ட்பெய்டாக இருந்தால் பாக்கி பில்லைக் கட்டச் சொல்வார்கள்.

பொறியியல் முதலாண்டு மாணவி: போன மாதம் பதினெட்டு முடிந்தது. அப்பா பெயரில் இருக்கும் எண்ணை என் பெயருக்குக் கொண்டுவர, வேறு கம்பெனிக்கு போர்ட் போட்டால் போதும் என்கிறாள் தோழி.

போதாது. போர்ட் என்பது கம்பெனியை மாற்றுவது, ஆளை மாற்றுவது இல்லை. இப்போதுள்ள கம்பெனியின் ஷோரூமுக்கு அப்பாவோடு போய், அவருடைய சம்மதத்தோடு பெயர் மாற்றத்துக்குக் கொடுங்கள். உங்கள் ஆதாரில் புதிதாகச் சரிபார்ப்பார்கள். குடும்பத்துக்குள் நடக்கும் மாற்றம் என்பதால் சிக்கல் வராது. அது முடிந்த பிறகு போர்ட் வேண்டுமானால், ஆங்கிலத்தில் போர்ட் என்று டைப் செய்து, இடைவெளி விட்டு எண்ணைப் போட்டு 1900-க்கு அனுப்பினால், புதுக் கம்பெனியில் கொடுக்க ஒரு குறியீடு வரும். நம் பக்கத்தில் அது நாலு நாள் செல்லும்.

ஆறாம் வகுப்பு மகளின் அப்பா: புது சிம் போட்ட நாளிலிருந்து யாரோ ஒருவர் பெயரைச் சொல்லி "லோன் கட்டு" என்று மிரட்டுகிறார்கள். குழந்தை பயந்துவிட்டது.

எண் உங்களுக்குத்தான் புதிது. யாரோ கைவிட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் சும்மா வைத்துவிட்டு மறுபடி விற்பார்கள். பழைய ஆளின் கடன்காரர்கள் உங்கள் மகளைத் தேடுகிறார்கள். "எண் கைமாறிவிட்டது, இது ஒரு குழந்தையின் போன்" என்று ஒரு தடவை நீங்களே பேசி, அதையே மெசேஜாகவும் அனுப்புங்கள். விடாமல் மிரட்டினால் சஞ்சார் சாத்தியில் 'சக்ஷு' பகுதியில் புகார் கொடுக்கலாம். வாங்கி ஒரு வாரம்தான் என்றால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த எண்ணை சரண்டர் செய்துவிட்டு வேறு எண் வாங்கிவிடுவேன். விளம்பர அழைப்புகளுக்கு மட்டும் என்றால், ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்று டைப் செய்து இடைவெளி விட்டு 0 போட்டு 1909-க்கு அனுப்புங்கள்.

எட்டு வயதுப் பையனின் அம்மா: சிம் போடும் கைக்கடிகாரம் வாங்கினோம். சிம் போட்டால் சிக்னலே வரவில்லை.

பெட்டியின் மேல் 2ஜி என்று இருக்கிறதா பாருங்கள். மலிவான கடிகாரங்கள் பல 2ஜி மட்டும்தான். ஜியோவுக்கு 2ஜி நெட்வொர்க்கே கிடையாது, அந்த சிம்மைப் போட்டால் இப்படித்தான் இருக்கும்.

ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் அப்பா: பட்டன் போன்தான் கொடுத்திருக்கிறேன். டேட்டாவே வேண்டாம், ஆனால் ரீசார்ஜ் எல்லாம் டேட்டாவோடுதான் வருகிறது.

வாய்ஸ், எஸ்எம்எஸ் மட்டும் உள்ள பேக் கொடுத்தே ஆக வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. ஒரு வருட வேலிடிட்டி வரை கிடைக்கும். ஆப்பின் முதல் பக்கத்தில் இருக்காது, கீழே தள்ளிக்கொண்டே போக வேண்டும். கடையில் "வாய்ஸ் ஒன்லி பேக்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். விடுமுறையில் போனைப் பீரோவில் வைத்து மறந்துவிடாதீர்கள். 90 நாள் தொடர்ந்து பயன்படுத்தாவிட்டால் எண்ணைத் துண்டிக்க கம்பெனிக்கு உரிமை உண்டு.

பத்தாம் வகுப்புப் பையனின் அம்மா: பள்ளிச் சுற்றுலாவில் போனைத் தொலைத்துவிட்டான். சிம் என் பெயரில்.

முதலில் கஸ்டமர் கேருக்கு அழைத்து சிம்மை நிறுத்துங்கள். பின்னாலேயே காவல் நிலையத்தில் புகார். உங்கள் ஆதாரோடு நீங்கள் நேரில் போய் அதே எண்ணில் டூப்ளிகேட் சிம் வாங்குங்கள். மகனை அனுப்பினால் தர மாட்டார்கள். புது சிம் ஏறியபின் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகாது. பழுது என்று நினைத்து மறுபடி கடைக்கு ஓடாதீர்கள், மோசடியைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது. எஸ்எம்எஸ் வர ஆரம்பித்ததும் சஞ்சார் சாத்தியில் ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணைக் கொடுத்துப் போனையே முடக்கலாம். அந்த எண் போன் வாங்கிய பில்லில் இருக்கும். அடுத்த போனுக்கு *#06# தட்டி எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு கொடுங்கள்.

பதினொன்றாம் வகுப்பு மாணவன்: சிம் அப்பா பெயரில். நான் நண்பர்களுக்கு போன் செய்தால் அப்பா பெயர் வருமா அண்ணா?

இதைத்தான் எதிர்பார்த்தேன். சிம் பதிவில் உள்ள பெயரையே அழைப்பு வரும்போது காட்டும் வசதி படிப்படியாக வந்துகொண்டிருக்கிறது. அது வந்த இடங்களில், உன் எண்ணை சேமித்து வைக்காதவர்களுக்கு அப்பா பெயர்தான் தெரியும். நண்பன் வீட்டுக்கு ராத்திரி பதினொரு மணிக்கு அடித்தால் அவன் அப்பா திரையில் உன் அப்பா பெயரைப் பார்த்து, ஏதோ அவசரம் போல என்று எழுந்து உட்கார்ந்து "சொல்லுங்க சார்" என்பார். பேசத் தயாராக இரு.