அந்த நோட்டை விளையாட்டுன்னு தள்ளிடாதீங்கம்மா

அம்மா, நேத்து போன்ல உங்களுக்கு பேச்சை விட அழுகைதான் அதிகமா வந்துச்சு, அதனால உங்க பொண்ணோட கரியர் கவுன்சலரா இப்ப நிதானமா எழுதறேன், பொறுமையா படிங்க. ஸ்கூல்ல கடைசி வருஷம் படிக்கற பொண்ணு, பரீட்சை நேரத்துல ஃப்ரெண்ட்ஸோட உக்காந்து "இருபது வருஷம் கழிச்சு யார் யார் என்னவா இருப்போம்"னு ஒரு நோட்டு முழுக்க எழுதி வச்சிருக்கா, பின்பக்கம் "எங்க உயில்"னு தலைப்பு போட்டு ஜூனியர் பொண்ணுங்களுக்கு என்னென்னமோ விட்டுட்டுப் போறதா எழுதியிருக்காங்க, எதிர்காலத்த பத்தி இவளுக்கு கொஞ்சமாச்சும் அக்கறை இருக்கான்னு கேட்டீங்க. இருக்குதும்மா. நீங்க படிச்சுக் காட்டின அந்த ரெண்டு பக்கத்துலயே அது இருக்கு.

இது புதுசா மொளச்ச பழக்கமும் இல்ல. அமெரிக்க பள்ளிக்கூடங்கள்ல நூறு வருஷத்துக்கும் மேலயே, பிரியப்போற பிள்ளைங்க ஒருத்தரப் பத்தி ஒருத்தர் ஜோசியம் சொல்றதும், கீழ் வகுப்புக்கு உயில் எழுதறதும் இயர்புக்ல, அதாவது பள்ளி ஆண்டு மலர்ல, அச்சாகி வந்திருக்கு. பிரிவு பக்கத்துல வரும்போது பயத்த நேரா பேச முடியாத வயசு, அதனால சிரிப்புல சுத்தி பேசறாங்க, அவ்வளவுதான்.

இப்ப உங்க பொண்ணு பக்கத்துக்கு வருவோம். ஃப்ரெண்ட்ஸ் என்ன எழுதியிருந்தாங்க? "இவ ஒரு ஆபீஸ் தொறப்பா, வாசல்ல 'சத்தம் வெளியே, பேச்சு உள்ளே'ன்னு போர்டு தொங்கும், ரெண்டு நாடு சண்டை போட்டாலும் இவகிட்டதான் பஞ்சாயத்துக்கு வரும், தன் கல்யாணத்துக்கே லேட்டா வருவா, ஏன்னா வழியில யாரோ ரெண்டு பேர் முறைச்சுகிட்டு நிப்பாங்க." உங்க காதுல விழுந்தது 'கல்யாணத்துக்கு லேட்டு' மட்டும்தான். என் காதுல விழுந்தது வேற. இத எழுதின பிள்ளைங்க உங்க பொண்ண தினமும் எட்டு மணி நேரம் வருஷக்கணக்கா பாத்தவங்க, நீங்க பாக்காத இடத்துல பாத்தவங்க. அவ யார்கிட்ட பேசறா, எதுக்கு கோபப்படறா, எந்த வேலைய யாரும் சொல்லாமலே எடுத்து செய்யறான்னு அவங்களுக்குத் தெரியும். திறமைய அளக்கற ஒரு மணி நேர ஆப்டிட்யூட் டெஸ்ட்ல எனக்கு இதெல்லாம் தெரிய வராதும்மா.

இந்த மாதிரி ஜோசியத்த படிக்கும்போது வேலையோட பேர விட்டுடுங்க, என்ன *செய்யறா*ன்னு எழுதியிருக்காங்கன்னு மட்டும் பாருங்க. ஆபீஸ், போர்டு, நாடு எல்லாம் அலங்காரம். உள்ள இருக்கறது ரெண்டு பேருக்கு நடுவுல நின்னு பேச வைக்கறது. அப்புறம் அவளே எழுதின உயில சேத்து படிங்க: ஒவ்வொரு பரீட்சைக்கும் க்ளாஸ் மொத்தத்துக்கும் தான் போட்டுக் குடுத்த படிப்பு டைம்டேபிள், அதுக்கு கலர் அடிச்ச நாலு ஸ்கெட்ச் பேனா (ஒண்ணு காஞ்சு போச்சுன்னு நேர்மையா குறிப்பு வேற), கடைசி பெஞ்சுல அழுதுட்டு இருக்கறவங்ககிட்ட கேள்வி கேக்காம முதல்ல தண்ணி நீட்டற பழக்கம், இதெல்லாம் அடுத்த பேட்சுக்குன்னு எழுதியிருக்கா. எனக்கு இத கேட்டதும் மனசு நெறஞ்சு போச்சு. பதினேழு வயசுல தன்கிட்ட என்ன சொத்து இருக்குன்னு இவ்வளவு தெளிவா சொல்றவங்கள நான் அடிக்கடி பாக்கறதில்ல.

ஜான் ஹாலண்ட்னு ஒரு உளவியலாளர் 1959ல ஒரு கோட்பாடு சொன்னார், இன்னைக்கும் எங்க வேலையில பாதி அதுமேலதான் நிக்குது. மனுஷங்களோட ஆர்வத்தையும் வேலைகளையும் ஆறு வகையா பிரிச்சார்: கையால செய்யறது, ஆராயறது, கலையா படைக்கறது, மனுஷங்களுக்கு உதவறது, முன்ன நின்னு நடத்தறது, ஒழுங்கா அடுக்கறது. ஒருத்தருக்கு ஒண்ணு மட்டும் இருக்காது, ரெண்டு மூணு சேந்து வரும். உங்க பொண்ணுக்கு உதவறதும் அடுக்கறதும் தூக்கலா தெரியுது, நடுவுல கொஞ்சம் நடத்தறதும் இருக்கு. இந்தக் கலவைக்கு ஒரே ஒரு கோர்ஸ்தான்னு கிடையாதும்மா. சட்டம் படிச்சு சமரச மையத்துல வேலை செய்யலாம், பல நாடுகள்ல கோர்ட்டே வழக்க முதல்ல சமரசத்துக்கு அனுப்புது, அதுக்குன்னு பயிற்சி எடுத்த ஆளுங்க வேணும். மனித வளம், கவுன்சலிங் உளவியல், சமூகப் பணி, ஆஸ்பத்திரி நிர்வாகம், பெரிய ப்ராஜெக்ட்ட நாள் குறிச்சு ஆள் சேத்து முடிக்கற வேலை, எல்லாத்துக்கும் இதே குணம்தான் மூலதனம். நீங்க நேத்து "இந்த ஒரு சீட் கிடைக்கலன்னா அவ வாழ்க்கை போச்சு"ன்னு சொன்னீங்களே, அத நான் ஒத்துக்க மாட்டேன்.

ஆனா ஃப்ரெண்ட்ஸ் எழுதினத அப்படியே வேதவாக்கா எடுத்துக்கவும் கூடாது. அவங்க கண்ணுலயும் ஊர்க் கண்ணாடி இருக்கும். டேவிட் சேம்பர்ஸ்ங்கற ஆய்வாளர் 1983ல ஒரு ஆய்வு வெளியிட்டார், 4807 குழந்தைங்கள ஒரு விஞ்ஞானிய வரைய சொன்னதுல பெண் விஞ்ஞானிய வரைஞ்சது வெறும் 28 பேர், அந்த 28 பேரும் பெண் குழந்தைங்க. பிறகு பல பத்தாண்டுகள்ல இது நல்லாவே மாறியிருக்கு, ஆனாலும் முழுசா மாறல. லிண்டா காட்ஃப்ரெட்ஸன்ங்கற உளவியலாளர் 1981ல சொன்னது இன்னும் வலிக்கற விஷயம், ஆறு வயசுல இருந்து எட்டு வயசுக்குள்ளயே பிள்ளைங்க "இது ஆம்பள வேலை, இது பொம்பள வேலை"ன்னு சில வேலைகள மனசுல இருந்தே அடிச்சு நீக்கிடறாங்க, அப்புறம் பெரும்பாலும் அத திரும்பி பாக்கறதே இல்ல. அதனால நோட்டு மொத்தத்தையும் அவளே ஒரு தடவ இந்தக் கண்ணோட பாக்கட்டும், எத்தன பேருக்கு இயந்திரம், பணம், ஆராய்ச்சி, அதிகாரம்னு எழுதியிருக்காங்க, எத்தன பேருக்கு மாப்பிள்ளையும் குழந்தையும் மட்டும் எழுதியிருக்காங்கன்னு. குடும்பத்த ஆசைப்படறதுல ஒரு தப்பும் இல்ல, ஆனா ஒருத்திக்கு அது மட்டும்தான் தோணுச்சுன்னா ஏன்னு கேக்கணும்.

அதே பக்கத்துல இன்னொரு வரி இருந்துச்சு, நீங்க சிரிச்சுகிட்டே படிச்சீங்க, "கணக்கு போட சொன்னா மட்டும் ஆபீஸ பூட்டிட்டு ஓடிடுவா." எனக்கு அங்கதான் கவலை. அவளும் அதுக்கு சிரிச்சிருப்பா. சிரிச்சவளுக்கு உள்ள என்ன இருந்துச்சுன்னு தெரியாது. வெரா ரூபின்னு ஒரு அமெரிக்க வானியலாளர், கல்லூரிக்கு ஸ்காலர்ஷிப் கிடைச்சத சந்தோஷமா சொன்னப்ப, அவங்க இயற்பியல் வாத்தியார் "அறிவியல் பக்கம் போகாத வரைக்கும் நீ நல்லா வருவ"ன்னு சொன்னாராம். அவங்கதான் பின்னாடி கேலக்ஸி சுத்தற வேகத்த அளந்து, கண்ணுக்குத் தெரியாத டார்க் மேட்டர் இருக்குன்னு உலகத்த நம்ப வச்சவங்க. எல்லாரும் அப்படி எழுந்து நிக்க மாட்டாங்கம்மா, ஒரு வரியில உக்காந்துடற பிள்ளைங்க நிறைய, நான் தினமும் பாக்கறேன். நான் சொன்ன வேலைகள்ல பலதுக்கும் பட்ஜெட்டும் புள்ளிவிவரமும் வேணும், உளவியல் படிப்புக்கே புள்ளியியல் இல்லாம முடியாது. கணக்குல எந்த வகுப்புல எந்தப் பாடத்துல விட்டுச்சுன்னு கண்டுபிடிச்சு, அந்த இடத்துல இருந்து ஒரு நல்ல டீச்சர வச்சு பிடிங்க. வராதுன்னு முடிவு கட்டறதுக்கு இது வயசே இல்ல.

உயில் பக்கத்த பத்தி இன்னும் ஒண்ணு. மனுஷங்க அடுத்தவங்களுக்கு விட்டுட்டுப் போறதுல பெரும்பாலும் தனக்கு கிடைக்காதது ஒளிஞ்சிருக்கும். ஜோஸ்லின் பெல் பர்னெல்ங்கற வானியலாளர் 1967ல மாணவியா இருக்கும்போது, சீரான இடைவெளியில துடிப்பு அனுப்பற பல்சர் நட்சத்திரத்த கண்டுபிடிச்சாங்க, 1974ல அதுக்கான நோபல் அவங்க வழிகாட்டிக்குப் போச்சு. 2018ல அவங்களுக்கு 30 லட்சம் டாலர் பரிசு வந்தப்ப மொத்தத்தையும், இயற்பியல்ல அதிகமா இடம் கிடைக்காத பிரிவு மாணவர்கள் ஆராய்ச்சி படிக்கட்டும்னு குடுத்துட்டாங்க. உங்க பொண்ணு தண்ணி குடுக்கற பழக்கத்த விட்டுட்டுப் போறான்னா, அவ எப்பவாவது அந்தக் கடைசி பெஞ்சுல அழுதுட்டு தனியா உக்காந்திருக்கலாம். இது என் ஊகம்தான், ஆனா கேக்க வேண்டிய ஊகம். கரியர்ங்கறது இந்த மாதிரி இடத்துல இருந்துதான் கிளம்புது, மார்க் ஷீட்டுல இருந்து இல்ல.

அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, நீங்க அந்த நோட்ட அவளுக்குத் தெரியாம எடுத்து படிச்சீங்க. இன்னைக்கு ராத்திரியே அத சொல்லிடுங்க, "படிச்சேன், கேக்காம படிச்சது தப்பு"ன்னு. கோபப்படுவா, படட்டும். கோபம் அடங்கினப்புறம் மார்க்கையும் காலேஜையும் இழுக்காம ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "உன்ன பத்தி எழுதினதுல எது நெஜம்னு தோணுச்சு, எது குத்துச்சு?" பதில் வர லேட்டானா வாய மூடிட்டு உக்காருங்க, இது உங்களுக்கு கஷ்டமா இருக்கும்னு நேத்து பேசினதுலயே தெரிஞ்சுது.

பிறகு லீவுல அவ மூணு பேர நேர்ல பாக்கட்டும், ஒரு வக்கீல், ஒரு கவுன்சலர், ஆளுங்கள வச்சு வேலை வாங்கற ஒரு மேனேஜர். அரை மணி நேரம் போதும், "உங்க வேலையில நேத்து காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் என்ன செஞ்சீங்க"ன்னு கேக்கணும், "இந்த வேலை நல்ல வேலையா"ன்னு கேட்டா யாரும் ஒழுங்கா பதில் சொல்ல மாட்டாங்க. முடிஞ்சா ஒரு நாள் கூடவே இருந்து பாக்கட்டும். பிடிக்கலன்னு திரும்பி வந்தாலும் நல்லதுதான், மூணு வருஷம் படிச்சப்புறம் தெரியறதுக்கு ஒரு நாள்ல தெரிஞ்சது லாபம். முடிவு மாறுமேன்னு பயப்படாதீங்க, 2013ல 19,000க்கும் மேற்பட்ட ஆளுங்கள வச்சு செஞ்ச ஒரு ஆய்வுல 18 வயசுல இருந்து 68 வயசு வரைக்கும் எல்லா வயசுக்காரங்களும் பொதுவா, கடந்த பத்து வருஷத்துல நான் நிறைய மாறிட்டேன், ஆனா இனிமே பெருசா மாற மாட்டேன்னுதான் நெனச்சிருக்காங்க, ஆனா நெனச்சத விட அதிகமாத்தான் மாறறோம். உங்களுக்கும் எனக்கும் அவளுக்கும் இது பொருந்தும். அதனால இப்ப எடுக்கற கோர்ஸ், நாளைக்கு ரெண்டு மூணு பக்கம் திரும்ப வழி விடற கோர்ஸா இருக்கான்னு மட்டும் பாப்போம்.

அடுத்த சனிக்கிழமை ரெண்டு பேரும் வாங்க. முதல் அரை மணி நேரம் அவ மட்டும் உள்ள வரட்டும், நீங்க வெளிய இருங்க. நோட்ட நீங்க எடுத்துட்டு வராதீங்க, அவளுக்கு காட்டணும்னு தோணுனா அவளே கொண்டு வருவா.