மூன்றாவது முறை நீட் வேண்டாம் அண்ணா

அண்ணா, வணக்கம். போன சனிக்கிழமை ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து, "இன்னொரு வருஷம் நீட் கோச்சிங் போட்டால் என் பொண்ணுக்கு எம்.பி.பி.எஸ். சீட்டு கிடைச்சுருமா மேடம்" என்று கேட்டீர்கள். அன்றைக்குப் பாப்பா முன்னால் சொல்ல வேண்டாமென்று விட்டதை இப்போது எழுதுகிறேன். போடாதீர்கள்.

நீங்கள் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தபோது பாப்பா நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். கண்ணின் பின்பக்கம் ஒளியை உணரும் விழித்திரையைப் பென்சிலால் அடுக்கு அடுக்காக வரைந்து, நடுவில் சிலந்தி மாதிரி கிளை விட்ட சின்னச் சின்ன செல்களைப் பச்சை மையில் போட்டிருந்தாள். ஏழாம் மாதத்திலேயே பிறந்த சித்தி மகனுக்குக் கண் பரிசோதனை செய்தபோது, விழித்திரையில் ரத்தக்குழாய் இன்னும் ஓரம் வரை வளரவில்லை என்று டாக்டர் சொன்னாராம். அப்போ அது வளர யார் வழி காட்டுவது என்று அன்றிலிருந்து தேடிப் படிக்கிறாள்.

அந்தப் பச்சை செல்லுக்கு மைக்ரோக்ளியா என்று பெயர். நோய் எதிர்ப்புச் செல் வகைதான், ஆனால் எலும்பு மஜ்ஜையிலிருந்து வருவதில்லை; கரு உருவான தொடக்கத்திலேயே கருவின் மஞ்சள்கருப் பையில் பிறந்து, விழித்திரைக்குள் ரத்தக்குழாய் வருவதற்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்துவிடும். கிருமியோடு சண்டை போடுவது மட்டும் அதன் வேலை இல்லை. வளரும்போது செத்துப்போகும் செல்களைத் தின்று சுத்தம் செய்யும், ரத்தக்குழாய் கிளை பிரிவதிலும் அதற்குக் கை உண்டு. நீங்கள் காப்பிச் செடியைக் கவாத்து செய்கிறீர்களே, அதே மாதிரி அதிகப்படியான நரம்பு இணைப்புகளையும் நறுக்கும். விழித்திரையிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு நுனிகளில், காம்ப்ளிமென்ட் என்ற எதிர்ப்புப் புரதம் அந்தக் கவாத்துக்கு உதவுகிறது என்று 2007-இல் எலிகளில் காட்டினார்கள். மைக்ரோக்ளியா அந்த இணைப்புகளை விழுங்குவதையே 2012-இல் பார்த்தார்கள். இதெல்லாம் நேற்று முந்தாநாள் கண்டுபிடித்த விஷயம் அண்ணா, இன்னும் எத்தனையோ கேள்விக்கு விடை இல்லை.

பாப்பா கேட்பது ஆராய்ச்சிக் கேள்வி. அதற்கு எம்.பி.பி.எஸ். ஒன்றுதான் வழி என்று இல்லை. ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு நுழைவுத் தேர்வு இருக்கிறது, இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்து வருஷம் பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு. ஆனால் பிளஸ் டூ முடித்து எத்தனை வருஷத்துக்குள் எழுதலாம் என்று அதற்கு வரம்பு உண்டு, இன்னொரு வருஷத்தை நீட்டுக்கே கொடுத்தால் அந்தக் கதவு சாத்திவிடலாம், எனக்கு இருக்கிற பதற்றமே இதுதான். அது அமையாவிட்டாலும் சரி, சேலத்திலேயே பி.எஸ்சி. உயிர்வேதியியலோ விலங்கியலோ சேர்த்துவிடுங்கள், வீட்டுச் சாப்பாட்டோடு படிக்கட்டும், அப்புறம் எம்.எஸ்சி.க்கு வெளியூர் நிறுவனங்களுக்குப் போக ஜாம், காட்-பி என்று அகில இந்திய நுழைவுத் தேர்வுகள் உண்டு. ஆராய்ச்சிக்கு ஹைதராபாத் எல்.வி. பிரசாத், சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் என்று கண்ணுக்கே இடங்கள் இருக்கின்றன. கண் பார்வையைச் சோதிக்கும் ஆப்டோமெட்ரி படித்தால் சீக்கிரம் வேலை கிடைக்கும், நல்ல படிப்புதான், ஆனால் இவள் கேள்விக்கு அங்கே பதில் இல்லை.

பணம் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். முனைவர் பட்டம் முடிக்க முப்பது வயதை நெருங்கிவிடும். எம்.எஸ்சி. மட்டத்தில் எழுதும் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி மாணவர் தகுதி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வரும், அதுவரை நீங்கள்தான் தாங்க வேண்டும். கல்யாணப் பேச்சு நடுவில் வரும், சொந்தக்காரர்கள் கேட்பார்கள், அண்ணியிடம் இப்போதே பேசி வையுங்கள்.

கோச்சிங் சென்டருக்கு இந்த வாரம் பணம் கட்ட வேண்டாம். வருகிற சனிக்கிழமை பாப்பாவைப் பிளஸ் டூ மார்க் ஷீட்டோடு அனுப்புங்கள், அந்த நோட்டையும் எடுத்து வரட்டும்.