'டிராகன் குவெஸ்ட்' என்பது 'ஃபைனல் ஃபேன்டஸி'யைப் பார்த்துச் செய்த பழைய பாணி விளையாட்டுத்தானே? ஜப்பானியர்கள் அதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? எந்தப் பாகத்திலிருந்து தொடங்கலாம்?

கேள்வியின் முதல் வரியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. 'டிராகன் குவெஸ்ட்' என்ற ஜப்பானியக் காணொளி விளையாட்டுத் தொடரின் முதல் பாகத்தை எனிக்ஸ் நிறுவனம் 1986 மே 27 அன்று நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற விளையாட்டுக் கருவிக்காக வெளியிட்டது. 'ஃபைனல் ஃபேன்டஸி' முதல் பாகம் வந்தது 1987 டிசம்பர் 18 அன்று. பின்னால் வந்ததைப் பார்த்து முன்னால் வந்ததை எப்படிச் செய்திருக்க முடியும்? ஆங்கிலக் காணொளிகள் வழியாகவே இத்தொடரை அறிந்தவர் நீங்கள் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் உங்களை மட்டும் குறைசொல்வதற்கில்லை. அமெரிக்காவுக்கு அது 1989இல்தான், 'டிராகன் வாரியர்' என்ற வேறு பெயரில் போய்ச் சேர்ந்தது. தேங்கிக் கிடந்த பிரதிகளை நின்டெண்டோ தன் இதழின் சந்தாதாரர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. ஜப்பானில் 1992இல் வெளிவந்த ஐந்தாம் பாகம் ஆங்கிலத்துக்கு வர 2009 ஆயிற்று. இப்படித் தாமதமாக வந்த அண்ணனைத் தம்பி என்று உலகம் நினைத்துக்கொண்டதில் வியப்பில்லை. 'ஃபைனல் ஃபேன்டஸி' அன்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அதன் ஆறாம் பாகத்தை நானும் விரும்பி விளையாடியவன்தான். அதை உருவாக்கிய ஸ்கொயர் நிறுவனமும் எனிக்ஸும் 2003இல் ஒன்றாக இணைந்தும்விட்டன.

டிராகன் குவெஸ்ட் எதையும் இரவல் வாங்கவில்லை என்று நான் வாதிடவில்லை. எனிக்ஸ் நடத்திய நிரல் போட்டியில் பரிசு பெற்ற யூஜி ஹோரியும் கொய்ச்சி நாகமுராவும் அமெரிக்கக் கணினி விளையாட்டுகளான 'விசார்ட்ரி', 'அல்டிமா' ஆகியவற்றில் மயங்கித்தான் இதைத் தொடங்கினார்கள். ஆனால், தடித்த கையேடும் விசைப்பலகையும் கேட்ட அந்த விளையாட்டு வகையை, இரண்டு பொத்தான்கள் கொண்ட கட்டுப்பாட்டுக் கருவியோடு தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கும் பள்ளிச் சிறுவனுக்கு ஏற்றதாக மாற்றியது ஹோரியின் சாதனை. முதல் பாகம் தொடங்கும்போது நீங்கள் அரசனின் அறைக்குள் பூட்டப்பட்டிருப்பீர்கள். பெட்டியைத் திறந்து சாவியை எடுத்து, கதவைத் திறந்து, படியிறங்கி வெளியேறுவதற்குள் விளையாட்டின் அடிப்படைக் கட்டளைகள் எல்லாம் பழகிவிடும். பாடம் நடத்தப்பட்டது என்பதே ஆடுபவருக்குத் தெரியாது. இவை அனைத்தும் 64 கிலோபைட்டுக்குள் அடக்கப்பட்டவை. இடம் போதாததால் ஜப்பானிய எழுத்துமுறைகளில் ஒன்றான கத்தகானாவின் எழுத்துகளில் ஏறத்தாழ 20ஐ மட்டும் வைத்துக்கொண்டு, அரக்கர்களுக்கும் மந்திரங்களுக்கும் அவற்றுக்குள்ளேயே பெயர் சூட்டினார்கள்.

ஜப்பானியர்கள் ஏன் கொண்டாடுகிறார்கள் என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, கண்ணால் பார்த்தேன். ஒசாக்காவில் பணிபுரிந்தபோது நிப்பொன்பாஷியில் ஒரு பழைய பொருள் கடையில் மூன்றாம் பாகத்தின் ஃபேமிகாம் கேசட்டை, அதாவது விளையாட்டு அடங்கிய, கருவியில் செருகும் பெட்டியை, வாங்கினேன். முதலிரண்டு பாகங்களில் ஆட்டத்தைச் சேமிக்கும் வசதி கிடையாது. முதல் பாகத்தில் 20 எழுத்துகளும் இரண்டாம் பாகத்தில் 52 எழுத்துகள் வரையும் கொண்ட 'உயிர்த்தெழும் மந்திர'த்தைத் தாளில் எழுதிவைத்து, மறுமுறை அதை உள்ளிட வேண்டும். (முதல் பாகத்தின் மந்திரம் 5, 7, 5, 3 எழுத்துகளாகப் பிரிந்திருப்பதால், ஜப்பானியக் கவிஞர் பாஷோவின் 5-7-5 என அமைந்த தவளை ஹைக்கூவையும் அவர் பெயரையும் உள்ளிட்டால் ஆட்டம் உண்மையாகவே தொடங்கிவிடும்.) மூன்றாம் பாகத்தில்தான் கேசட்டுக்குள் பேட்டரி வைத்து, 'சாகசப் புத்தகம்' என்ற பெயரில் சேமிக்கும் வசதியைக் கொடுத்தார்கள்.

அந்தப் பேட்டரிதான் என் காலை வாரியது. அலுவலகத்தில் எனக்கு மூத்தவரான ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தார். முந்தின இரவு விட்ட இடத்திலிருந்து காட்டலாம் என்று கருவியை இயக்கினேன். கறுப்புத் திரையில் சபிக்கப்பட்ட பொருளை அணிந்தால் ஒலிக்கும் அந்தக் கொடூரமான இசைத் துணுக்கு எழுந்தது. வருந்துகிறோம், சாகசப் புத்தகம் அழிந்துவிட்டது என்ற வாசகம் வந்தது. எனக்கு விவரம் புரிவதற்குள், திரைக்கு முதுகைக் காட்டித் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் கெண்டியை வைத்துவிட்டு இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். முப்பது ஆண்டுகளுக்கு முன் கேட்ட இசை, ஐம்பதை நெருங்கும் மனிதரை அந்தக் கணத்தில் பன்னிரண்டு வயதுக்குக் கொண்டுபோய்விட்டது.

பிறகு அன்று மாலை முழுவதும் அவர்தான் பேசினார். மூன்றாம் பாகம் வெளிவந்த 1988 பிப்ரவரி 10 ஒரு புதன்கிழமை. கடைகள் முன் விடியுமுன்னரே வரிசை நின்றது. பள்ளிக்கு மட்டம் போட்டு வரிசையில் நின்றதற்காக நாடு முழுவதும் ஏறத்தாழ 300 மாணவர்கள் காவல்துறையிடம் சிக்கினார்கள். இவர் ஒழுங்காகப் பள்ளிக்குப் போனாராம். அதற்காக இன்றும் வருத்தப்படுகிறார். இந்த அமளியால் வேலைநாளில் டிராகன் குவெஸ்ட் வெளியிடக் கூடாது என்று சட்டமே இயற்றிவிட்டார்கள் என்று இணையத்தில் பலர் எழுதுகிறார்கள். அப்படியொரு சட்டம் கிடையாது. அடுத்த பாகத்தை நிறுவனமே 1990 பிப்ரவரி 11 என்ற விடுமுறை நாளில் வெளியிட்டது. பின்வந்த பாகங்களும் பெரும்பாலும் வார இறுதியில் வந்தன.

கேசட் கதைக்கு வருகிறேன். 'செயல்பாடு சோதிக்கப்பட்டது' என்ற ஒட்டுத்தாளை நம்பித்தான் வாங்கினேன். கடைக்காரரோ, படம் வருகிறதா என்பதைச் சோதிப்பதே தம் பொறுப்பு என்றும், பேட்டரி அதில் அடங்காது என்றும் கைவிரித்துவிட்டார். சேமிக்கும் வசதிக்காகவே பெயர்பெற்ற ஒரு கேசட்டை விற்றுவிட்டு இப்படிச் சொல்வது எந்த ஊர் நியாயம்? இதைச் சொன்னால், பழைய பொருள் வாங்கினால் அப்படித்தான் இருக்கும் என்று யாராவது கருத்துப் பெட்டியில் எழுதுவார்கள். ஒட்டுத்தாள் ஒட்டாமல் விற்றிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். இறுதியில் அந்த மூத்தவர்தான் உறையைப் பிரித்து, புதுப் பேட்டரியைப் பற்றவைத்துத் தந்தார்.

இத்தொடரைப் பழைய பாணி என்கிறீர்கள். ஒருவகையில் உண்மைதான், ஆனால் அது மறதியால் வந்த பழமையன்று. ஹோரியின் கதை, அகிரா தொரியாமாவின் ஓவியம், கொய்ச்சி சுகியாமாவின் இசை என்ற கூட்டணி முதல் பாகத்திலிருந்து 2017இல் வந்த பதினொன்றாம் பாகம் வரை மாறவே இல்லை. சுகியாமா எனிக்ஸின் ஒரு ஷோகி (ஜப்பானியச் சதுரங்கம்) விளையாட்டைப் பற்றி அஞ்சலட்டையில் கருத்து எழுதி அனுப்பியதால் தொடருக்குள் வந்தவர். அப்போதே ஐம்பதைக் கடந்த, பெயர்பெற்ற இசையமைப்பாளர். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் வீரர்கள் அணிவகுத்து நுழைந்தபோது முதலில் ஒலித்தது அவருடைய தொடக்க இசைதான். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும், 2024 மார்ச்சில் தொரியாமாவும் மறைந்தார்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், பதினொன்றாம் பாகத்தின் 2019 பதிப்பிலிருந்து தொடங்குங்கள்; கதை தனியானது, முன்னறிவு தேவையில்லை. வரலாறும் வேண்டுமென்றால் 2024 நவம்பரில் வந்த மூன்றாம் பாகத்தின் மறுஆக்கத்தை முதலிலும், 2025 அக்டோபரில் வந்த முதலிரண்டு பாகங்களின் மறுஆக்கத்தைப் பிறகும் ஆடுங்கள். கதையின் காலவரிசையில் மூன்றுதான் முதலில் வருகிறது. ஃபேமிகாம் கேசட்டே வேண்டும் என்று அடம்பிடித்தால், ஒருமுறை சேமித்து, அணைத்து, மீண்டும் இயக்கிக் காட்டச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.