ரங்கூன் வளையலும் சீனத்து ஜேடும்

கேள்வி: உம்மாவிடம் ஒரு பச்சைக்கல் வளையல் இருக்கிறது. ரங்கூனில் வியாபாரம் பார்த்த அவங்க வாப்பா வாங்கி வந்தது. நகைக்கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "சீனத்து ஜேடு, 2,000 வருஷப் பழசு" என்று சொல்லிவிட, மச்சான் அன்றிலிருந்து விலை பேசிக்கொண்டிருக்கிறார். நம்பலாமா? அந்தக் காலத்தில் கல்லை எப்படித்தான் வளையலாக அறுத்தார்கள்?
- வாசகி, கீழக்கரை

பதில்: முதலில் மச்சானை உட்காரச் சொல்லுங்கள். ஜேடு என்ற ஒரே பெயரில் நெஃப்ரைட், ஜேடைட் என்று இரண்டு கல் இருக்கிறது. பழைய சீனர்கள் இழைத்தது நெஃப்ரைட். பளிச்சென்ற பச்சை ஜேடைட் பர்மாவிலிருந்து சீனாவுக்கு ஏராளமாகப் போனதே 18-ஆம் நூற்றாண்டில்தான். ரங்கூனில் வாங்கியது என்றால், கண்ணாடியாக இல்லாத பட்சத்தில், அந்த ஜேடைட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உங்கள் பக்கத்துப் பெரியபட்டினத்தில் பழைய சீன ஓடு கிடைத்ததே என்று மச்சான் மடக்குவார். கிடைத்தது உண்மைதான், ஆனால் அது பீங்கான், 13, 14-ஆம் நூற்றாண்டுச் சரக்கு.

சரி, அறுத்த கதைக்கு வருவோம். உங்கள் ஊர்ச் சங்குப் பட்டறையில் ரம்பம் சங்கை அறுக்கும், பார்த்திருப்பீர்கள். ஜேடில் அந்த வேலை நடக்காது, சாதாரணக் கத்தியால் அதில் கீறல்கூடப் போட முடியாது. அதனால் கல்லைவிடக் கடினமான மணலைத் தண்ணீரில் குழைத்துப் போட்டு, கயிற்றை முன்னும் பின்னும் இழுத்து இழுத்து, நாள் கணக்கில் தேய்த்தார்கள். கயிறு மணலை ஓட்டுவதோடு சரி, தின்பது மணல்தான். துளைக்கு மூங்கில் குழாயையும் அதே ஈர மணலையும் வைத்துச் சுழற்றுவார்கள். நீளமான துளை என்றால் இரண்டு பக்கமிருந்தும் குடைந்து வந்து நடுவில் சேர வேண்டும். சீனாவில் ஹாங்சோ நகரத்துப் பக்கம் லியாங்சூவில் கிடைத்த, சுமார் 5,000 வருஷப் பழைய, வெளியே சதுரமும் உள்ளே வட்டமுமான குழாய்கள் சிலவற்றில், சரியாகச் சேராமல் போனதால் உள்ளே விரலில் தட்டுகிற மாதிரி ஒரு சின்னப் படி இருக்கும். எனக்கு அந்த மெருகைவிட இந்தப் பிசகுதான் பிடிக்கும்! அப்புறம் வெண்கலம் வந்தும் மணலை விடவில்லை. 1976-இல் சீனாவின் அன்யாங்கில் தோண்டிய, வெண்கலக் காலத்து ஃபூ ஹாவ் அரசியின் கல்லறையில் மட்டும் 755 ஜேடு பொருள்கள்.

வளையலைக் கத்தியால் கீறிப் பார்க்காதீர்கள். பூதக்கண்ணாடியில் உள்ளே உருண்டை உருண்டையாகக் காற்றுக் குமிழ் தெரிந்தால் அது கண்ணாடி. தெரியாவிட்டால், ரத்தினக்கல் சோதனைக்கூடத்தில் காட்டிவிட்டு விலை பேசுங்கள்.

ஆமாம், உம்மா விற்கச் சம்மதித்தாரா? அதை எழுதவே இல்லையே.