பன்னிரண்டு இரவு, ஒன்பது ஊர்: கணவரின் அட்டவணையை என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 57. கணவர் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகிறது. அக்டோபர் கடைசியில் பிரான்ஸ் போய், கார் வாடகைக்கு எடுத்துக் கிராமப்புறமாகச் சுற்ற வேண்டும் என்பது இரண்டு பேருக்குமே நெடுநாள் ஆசை. அவர் எக்செல்லில் ஓர் அட்டவணை போட்டுவிட்டார்: பாரிஸ், மோன் சான் மிஷேல், தூர், போர்தோ, கார்கசோன், அவினியோன், அன்னெசி, ஸ்ட்ராஸ்பூர், மறுபடி பாரிஸ். மொத்தம் பன்னிரண்டு இரவு. பார்க்கும்போதே எனக்கு மூச்சு முட்டுகிறது. ஒரு கிராமத்தில் நிம்மதியாக உட்கார்ந்து காபி குடிக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். சொன்னால், "இவ்வளவு செலவு பண்ணிப் போய் உட்கார்ந்திருக்கவா?" என்கிறார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவர் நன்றாக ஓட்டுவார், ஆனால் நம் ஊரில் மட்டும். நான் சைவம், முட்டை சாப்பிடுவேன். அவருக்கு எல்லாம் ஓடும். நான் கேட்பது நியாயமா? அவரிடம் எப்படிச் சொல்வது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கேட்பதுதான் நியாயம். ஆனால் நிம்மதி, அமைதி என்று பேசினால் அவரிடம் எடுபடாது. வங்கியில் இருந்தவர், கணக்காகப் பேசுங்கள். அவர் போட்ட சுற்று மூவாயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுத்தான் குறைவு. நெடுஞ்சாலையிலேயே போனாலும் கிட்டத்தட்ட முப்பது மணி நேரம் ஸ்டீயரிங் பிடிக்க வேண்டும். டோல்கேட் கட்டணம் தனி. பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் எட்டு முறை. அதைவிட முக்கியமான ஒன்று: கிராமப்புறம் பார்க்கப் போகிறோம் என்கிறார், ஆனால் அட்டவணையில் ஒரு கிராமம்கூட இல்லை! பிரான்ஸின் நெடுஞ்சாலைகள் ஊர்களுக்கு வெளியே ஒதுங்கி ஓடுபவை. லாரிகளையும் பெட்ரோல் பங்க்குகளையும் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வருவீர்கள்.

என் யோசனை, ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு இரண்டே இடங்களில் தங்குவது. எந்தப் பகுதி? திராட்சை இலை மஞ்சளாகும் பர்கண்டியைப் பலர் சொல்வார்கள். அழகுதான், ஆனால் அங்கே பேச்சு முழுக்க ஒயின். அதில் நாட்டமில்லை என்றால் மூன்றாம் நாளே சலித்துவிடும். நான் தென்மேற்கில் உள்ள தோர்தோன் ஆற்றுப் பள்ளத்தாக்கையும் அதற்குத் தெற்கே லோட் ஆற்றுப் பக்கத்தையும் சொல்வேன். ஓக் காடு, வால்நட் தோப்பு, சுண்ணாம்புப் பாறை, தேன் நிறக் கல்வீடுகள், இரண்டு வளைவுக்கு ஒரு கோட்டை. எந்த இடத்துக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் காரில் உட்கார வேண்டியதில்லை.

தேதியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தப் பாருங்கள். அக்டோபர் முதல் மூன்று வாரம்தான் நல்ல காலம். மூன்றாவது வார இறுதி வாக்கில் பள்ளிகளுக்கு இரண்டு வார விடுமுறை தொடங்கி, அறை வாடகை ஏறும். மாதத்தின் கடைசி ஞாயிறு அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள், அதன் பிறகு ஆறு மணிக்கெல்லாம் இருட்டு. நவம்பர் 1 அனைத்துப் புனிதர்கள் திருநாள் விடுமுறை. அது முடிந்ததும் அந்தப் பக்கத்துக் குகைகள், கோட்டைகள், சிறு ஓட்டல்கள் பலவும் குளிர்காலத்துக்காகக் கதவைச் சாத்திக்கொள்ளும். 25-ம் தேதி போய் இறங்கினால் கடைசி நாள்களில் பல இடங்களில் பூட்டைத்தான் பார்ப்பீர்கள்.

இரவு முழுக்க விமானத்தில் உட்கார்ந்துவிட்டு பாரிஸில் இறங்கியதும் சாவியை வாங்கி, வலதுபக்கப் போக்குவரத்தில் நுழைய வேண்டாம். இதை மட்டும் அவர் கண்டிப்பாகக் கேட்டாக வேண்டும். அதிவேக ரயிலில் ஏறினால் போர்தோ இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அன்றிரவு அங்கே தூங்கி எழுந்து, மறுநாள் காலை காரை எடுங்கள். திரும்பும்போதும் அங்கேயே விட்டுவிட்டால் வேறு ஊரில் விடுவதற்கான கூடுதல் கட்டணம் இருக்காது. சின்ன ஊர்களில் கார் வாடகை அலுவலகங்கள் மதியம் இரண்டு மணி நேரம் மூடிவிடும், ஞாயிறன்று திறப்பதே அரிது. அதற்காகவும்தான் போர்தோவைச் சொல்கிறேன்.

முதல் ஆறு இரவு சார்லா ஊரைச் சுற்றி எங்காவது தங்குங்கள். புதன் காலையிலும் சனிக்கிழமையிலும் அங்கே சந்தை. அக்டோபரில் வால்நட், செஸ்ட்நட், காட்டுக்காளான், பூசணி, அத்தி எல்லாம் குவிந்திருக்கும். பக்கத்திலேயே பேனாக், காஸ்தெல்னோ என்று ஆற்றின் இரு கரையிலும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு கோட்டைகள். நூறாண்டுப் போரில் ஒன்று பிரெஞ்சுக்காரர் கையில், மற்றது ஆங்கிலேயர் கையில். இரண்டையும் ஒரே நாளில் ஏற வேண்டியதில்லை. ஒன்றில் ஏறி மற்றதைப் பார்த்தாலே கதை புரிந்துவிடும். சற்றுத் தள்ளி மிலாந்து மாளிகை. மேடைப் பாடகி ஜோசஃபின் பேக்கர் 12 குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தது அங்கேதான். 2021-ல் நாட்டின் பெருமக்களுக்கான நினைவாலயமான பாரிஸின் பாந்தியோனில் அவருக்கு இடம் கொடுத்தார்கள், கறுப்பினப் பெண் ஒருவருக்கு அந்த மரியாதை கிடைத்தது அதுவே முதல் முறை.

ஆதிமனிதர் ஓவியங்கள் உள்ள லாஸ்கோ குகையை உங்கள் கணவர் நிச்சயம் கேட்பார். 1940 செப்டம்பரில் நான்கு இளைஞர்கள் கண்டுபிடித்த குகை. கூட்டம் விட்ட மூச்சிலேயே ஓவியங்கள் கெடத் தொடங்கியதால் 1963-ல் மூடிவிட்டார்கள். இப்போது பார்ப்பது 2016-ல் திறந்த முழு நகல். "நகலைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்பார். நகல்தான், ஆனாலும் பிரமாதமான நகல். அசலே வேண்டுமென்றால் லேஸ் எய்ஸியில் ஃபோன் த கோம் குகை இருக்கிறது. பல ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய வண்ணக் காட்டெருமைகளை இன்றும் நேரில் பார்க்கலாம். ஒரு நாளைக்குச் சிலரைத்தான் விடுவார்கள், முன்பதிவு அவசியம். முட்டிவலி இருந்தால் ரூஃபின்யாக் போங்கள், குகைக்குள்ளே சின்ன மின்ரயிலில் உட்காரவைத்து மாமத் யானை ஓவியங்களைக் காட்டுவார்கள்.

அடுத்த நான்கு இரவுக்கு ஃபிஜாக் பக்கம் நகருங்கள். போகும் வழியில் ரோக்கமடூர், செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் யாத்திரைத் தலம். அதற்கருகில் பாதிராக், நூறு மீட்டருக்கு மேல் கீழிறங்கி நிலத்தடி ஆற்றில் படகில் போகலாம். ஃபிஜாக், எகிப்திய எழுத்தைப் படித்துக் காட்டிய ஷாம்போலியோன் பிறந்த ஊர். அதற்கு அவருக்கு உதவிய ரொசெட்டா கல்லின் பிரம்மாண்டமான நகல் ஒன்றைத் தரையில் பதித்திருக்கிறார்கள், அதன் மேலேயே நடக்கலாம். அங்கிருந்து லோட் ஆற்றங்கரையோடு காஓர் வரை போகும் சாலையை மட்டும் ஒரு முழு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மீதி இரண்டு இரவு போர்தோவுக்கு, வரும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று.

நாளை எப்படிப் பிரிப்பது என்பதில் உங்கள் கணவருக்கு உரிமையே கிடையாது. பிரெஞ்சுக் கிராமத்துச் சமையலறை அதை முடிவு செய்துவிடும். மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை. ஒன்றரைக்கு மேல் போனால் முகம் சுளிப்பார்கள், இரண்டுக்கு மேல் காபிதான். இரவு ஏழரைக்கு முன் அடுப்பே பற்றவைக்க மாட்டார்கள். ஞாயிறு இரவும் திங்களும் பாதி உணவகங்கள் விடுமுறை. ஆற்றுப் பள்ளத்தாக்கில் அக்டோபர் காலைகளில் பத்து மணி வரை மூடுபனி நிற்கும், அவசரமாகக் கிளம்பியும் ஒன்றும் தெரியாது. ஆகவே பத்துக்குக் கிளம்பி ஓர் இடம், மதியம் சாவகாசமாகச் சாப்பாடு, மாலையில் இன்னொரு சின்ன இடம். நீங்கள் கேட்ட காபி தானாகவே கிடைத்துவிடும். அவருடைய எக்செல்லைப் பிடுங்காதீர்கள். எந்த ஊரில் எந்தக் கிழமை சந்தை, எது எப்போது மூடும், எதற்கு முன்பதிவு என்று நிரப்பக் கொடுங்கள். அது நிஜமாகவே தேவைப்படும் அட்டவணை, அவருக்கும் பொழுது போகும்.

கார் விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டோமேட்டிக் கியர் என்று குறிப்பிட்டே பதிவு செய்யுங்கள், கேட்காவிட்டால் கிளட்ச் வண்டிதான் தருவார்கள். ஓட்டுநர் இடதுபக்கம் உட்காருவார், இண்டிகேட்டர் தண்டும் இடது கைப்பக்கம். முதல் நாள் ஒவ்வொரு திருப்பத்திலும் வைப்பர் ஆடும், சிரித்துவிட்டு விடுங்கள். வண்டியின் உடல் முழுக்கத் தனக்கு வலப்பக்கம் இருப்பதால் புதியவர்கள் சாலையோரத்தை ஒட்டியே ஓட்டுவார்கள். அந்த ஓரத்துச் சீட்டில் இருப்பது நீங்கள். பயம் வந்தால் அலறாமல் "கொஞ்சம் நடுவே" என்று சொல்லுங்கள். தடம் மாறும் ஆபத்து நெரிசலில் இல்லை, மற்ற வண்டிகளைப் பார்த்து ஓட்டிவிடலாம். ஆளில்லாத பெட்ரோல் பங்க்கிலிருந்தோ காலையில் தங்குமிடத்து வாசலிலிருந்தோ காலிச் சாலைக்கு ஏறும்போதுதான் கை பழைய பழக்கத்தில் இடதுபக்கம் போகும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் "வலது" என்று வாய்விட்டுச் சொல்வது உங்கள் வேலை. அவர் எரிச்சல்பட்டாலும் சொல்லுங்கள்.

ரவுண்டானாவில் உள்ளே சுற்றும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. வழி தெரியாவிட்டால் இன்னொரு சுற்று வரலாம், யாரும் கேட்க மாட்டார்கள். கிராமங்களுக்குள் வேறு விதி: பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கச் சந்திலிருந்து வருபவருக்கு நீங்கள் நிற்க வேண்டும். சின்னச் சந்துதானே என்று அவர் ஹாரன் அடித்துக்கொண்டு போனால் இடிதான். மஞ்சள் வைர வடிவப் பலகை இருந்தால் நீங்கள் போகும் சாலைக்கு முன்னுரிமை, அதன் மேல் கறுப்புக் கோடு இருந்தால் அது முடிந்தது என்று அர்த்தம். ஊர்ப் பெயர்ப் பலகையைத் தாண்டினாலே, வேகம் எழுதாவிட்டாலும், 50. அதே பெயரைச் சிவப்புக் கோட்டால் அடித்த பலகை வந்தால் ஊர் முடிந்தது. வெளியே சாதாரணச் சாலையில் 80, சில மாவட்டங்களில் 90. கேமராக்கள் ஏராளம். அபராதச் சீட்டு வாடகை நிறுவனம் வழியாக அதன் கட்டணத்தோடு கோயம்புத்தூருக்கே வந்து சேரும்.

தங்க இரண்டு வகை. ஷாம்ப்ர் தோத் என்பது வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டிலேயே விடும் அறை, ஐந்து அறைக்கு மேல் விடச் சட்டம் அனுமதிக்காது, காலை உணவு வாடகையிலேயே அடக்கம். ஜீத் என்பது சமையலறையோடு கூடிய தனி வீடு. கோடையில் வாரக் கணக்கில்தான் தருவார்கள், அக்டோபரில் கேட்டால் நான்கு நாளுக்கும் கிடைக்கும். படுக்கை விரிப்புக்கும் ஹீட்டருக்கும் தனிக் காசு உண்டா என்று முன்பே கேளுங்கள். சார்லா பக்கம் ஜீத், ஃபிஜாக் பக்கம் ஷாம்ப்ர் தோத் என்பது என் விருப்பம்.

ஜீத்தை வலியுறுத்தக் காரணம் உங்கள் சாப்பாடு. அது வாத்தும் கூஸும் ஆளும் நாடு. உங்கள் கணவர் குஷியாகிவிடுவார். நீங்களோ உருளைக்கிழங்கு வறுவல்கூட நம்பிச் சாப்பிட முடியாது, அந்த ஊர்ப் பாணியில் அதை வாத்துக் கொழுப்பில்தான் வறுப்பார்கள். பூண்டு சூப்பிலும் அதே கதை. வெறுமனே சைவம் என்றால் மீனைக் கொண்டுவந்து வைப்பவர்களும் உண்டு. "சான் வியாந்த், சான் புவாசோன், சான் கிரேஸ் த கனார்" என்று எழுதி வைத்துக்கொண்டு காட்டுங்கள்: இறைச்சி, மீன், வாத்துக் கொழுப்பு மூன்றும் வேண்டாம். முட்டை சாப்பிடுவீர்கள் என்பதால் காளான் ஆம்லெட் காப்பாற்றும். க்ரெப் கடை கண்ணில் பட்டால் விடாதீர்கள், பக்வீட் மாவில் சுட்ட தோசை மாதிரியான ஒன்றில் சீஸும் முட்டையும் வைத்துத் தருவார்கள். பாரம்பரிய பிரெஞ்சு சீஸ் பெரும்பாலும் கன்றின் வயிற்று நொதியால் உறையவைப்பது, அது பரவாயில்லையா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். மற்ற வேளைக்குச் சந்தைக் காய்கறியும் நீங்கள் கொண்டுபோகும் சாம்பார் பொடியும் போதும். சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை கிடையாது.

கடைக்குள் நுழைந்ததும் முதலில் "போன்ஜூர்" சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். எடுத்த எடுப்பில் விலை கேட்டால் அந்த ஊரில் அது முரட்டுத்தனம். காட்டுப் பாதையில் நடக்கும்போது வேட்டை நடக்கிறது என்று பலகை வைத்திருந்தால் திரும்பிவிடுங்கள், இலையுதிர்காலம் வேட்டைக் காலம்.

கடைசியாகக் காகிதங்கள். விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். நம் ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் வேண்டும், ஆர்.டி.ஓ. ஆபீஸில் தருவார்கள், ஓராண்டு செல்லும். சில இடங்களில் விசா நகலும் கேட்பார்கள் என்பதால் விசா வந்ததும் இதை முடியுங்கள். வாடகைக் காருக்கு முன்பணத்தைக் கிரெடிட் கார்டில்தான் பிடித்து வைப்பார்கள், அந்த அட்டை ஓட்டுபவர் பெயரில் இருக்க வேண்டும். உங்கள் பெயரில் உள்ள அட்டையை நீட்டினால் சாவி கிடைக்காது. இதில் எதையும் செப்டம்பர் வரை தள்ளாதீர்கள், குறிப்பாக அந்த ஆட்டோமேட்டிக் காரை.